பழைய டிராக்டருக்கு ஹெட் கேஸ்கட்: வீட்டிலேயே மாற்றலாமா?

மழை விழுந்து நிலம் உழவுக்குப் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்த நேரம் பார்த்து டிராக்டர் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டால், பழுதுச் செலவோடு விதைப்புப் பருவமும் சேர்ந்து போய்விடுகிறது. 'ஹெட் கேஸ்கட் போயிடுச்சு' என்று மெக்கானிக் சொன்னதுமே இன்ஜினையே இறக்க வேண்டும் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படியில்லை. பழைய டிராக்டர்களில் இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்க, ஹெட்டை மட்டும் கழற்றி கேஸ்கட்டை மாற்றிவிடலாம். கேஸ்கட்டின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால், அதைக் கவனிக்காமல் ஓட்டினாலும், மாற்றும்போது அவசரப்பட்டாலும் செலவு பல ஆயிரங்களைத் தாண்டிவிடும்.

கேஸ்கட்டின் வேலை என்ன?

பிஸ்டன்கள் ஓடும் கீழ்ப்பகுதி பிளாக். அதன் மேல் மூடி போல உட்கார்ந்திருப்பது சிலிண்டர் ஹெட். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, குளிர்விக்கும் தண்ணீர், உயவு தரும் ஆயில் ஆகிய மூன்றும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் போகின்றன. அவற்றை ஒன்றோடு ஒன்று கலக்கவிடாமல் தடுப்பது இந்தத் தகடுதான். நிலத்தில் வரப்பு உடைந்தால் ஒரு வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாய்வது போலத்தான், கேஸ்கட் எந்த இடத்தில் உடைகிறதோ அதற்கேற்ற அறிகுறி தெரியும்.

அறிகுறிகள்

* வெளியே எங்கும் கசிவு இல்லை. ஆனாலும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும்.
* இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. பனிக்காலக் காலையில் கொஞ்ச நேரம் ஆவி வந்து நின்றுவிடுவது இயல்புதான்.
* டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில், மோர் போல இருக்கும்.
* ரேடியேட்டர் தண்ணீரின் மேல் ஆயில் படலம் மிதக்கும்.
* அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் இழுவை குறைந்து இன்ஜின் நடுங்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் தண்ணீர் பம்ப் சுற்றாது, தண்ணீர் அசையாமல் நிற்கும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் மட்டும் பார்க்க வேண்டும். குமிழிகள் தொடர்ந்து வந்தால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஹெட்டில் விரிசல் விட்டிருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையம் நைந்து போனாலும் ஆயிலில் தண்ணீர் கலக்கும். அதனால் ஹெட்டைத் திறந்த பிறகு கேஸ்கட்டில் உடைப்பு தெரியவில்லை என்றால், புதியதைப் போட்டு மூடிவிட்டு நிம்மதி அடைய முடியாது. மேலும் தேட வேண்டும்.

ஆயிலில் தண்ணீர் கலந்தது தெரிந்துவிட்டால், 'இந்த ஒரு ஏக்கரை முடிச்சிடலாம்' என்று ஓட்டக் கூடாது. தண்ணீர் கலந்த ஆயிலுக்கு பேரிங்கைக் காக்கும் வலு இல்லை. கிராங்க் பேரிங் தேய்ந்தால் அப்போதுதான் உண்மையிலேயே இன்ஜினை இறக்க வேண்டிவரும். அதுவரை உழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை 'உழவன்' செயலி வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

தேவையான பொருட்கள்

வண்டியின் மாடலுக்கு உரிய ஹெட் கேஸ்கட், டேப்பெட் கவர் கேஸ்கட், நாசில் அடியில் போடும் செம்பு வாஷர்கள், இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கூலன்ட். கருவிகளில் பாக்ஸ் ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், நேரான ஸ்டீல் ஸ்கேல், டார்க் ரெஞ்ச் ஆகியவை அவசியம். டார்க் ரெஞ்ச் சொந்தமாக வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு இரவல் வாங்கினாலும் போதும். 'கை அளவு தெரியும்' என்று ஹெட் நட்டை முறுக்குவதுதான், மாற்றிய கேஸ்கட் மறுபடியும் போவதற்கு முக்கியக் காரணம். அந்த மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றும் முறை

1. முதல் நாள் இரவே வண்டியை நிறுத்தி, முழுவதும் ஆறவிட வேண்டும். சூட்டோடு ஹெட்டைத் தளர்த்தினால் அது வளைந்துபோகும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும்.

2. இன்ஜினின் மேலே படிந்த மண், வைக்கோல், ஆயில் பிசுக்கு எல்லாவற்றையும் கழுவிக் காயவைக்க வேண்டும். திறந்த சிலிண்டருக்குள் விழும் மணல் ரிங்கை அரித்துவிடும்.

3. ரேடியேட்டர், பிளாக் இரண்டிலிருந்தும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். கூலன்ட் கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும். ஆடு, மாடு, நாய், கோழி குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும். அதை வாசலிலோ தொழுவம் பக்கமோ ஊற்றவே கூடாது. மூடியிட்ட கேனில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

4. பானெட், சைலன்சர், மெனிஃபோல்டு, ஹோஸ், டீசல் பைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். சில மாடல்களில் டீசல் டேங்க் இன்ஜினுக்கு மேலேயே இருக்கும், அதையும் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால், மாட்டும்போது குழப்பம் வராது. திறந்த டீசல் பைப், பம்ப் வாய்களை உடனே சுத்தமான உறையால் மூட வேண்டும்.

5. நாசில்களை எடுத்துவிட வேண்டும். ஹெட்டைத் தரையில் வைக்கும்போது நாசில் முனை அடிபட்டு வீணாவதை இது தடுக்கும்.

6. ராக்கர் அசெம்பிளியைக் கழற்றி, புஷ் ராடுகளை எடுக்க வேண்டும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு புஷ் ராடுகள். ஒரு அட்டையில் ஆறு துளை போட்டு எண் எழுதி, வந்த வரிசையிலேயே செருகிவைக்க வேண்டும். எது எங்கே தேய்ந்து பழகியதோ, அது அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

7. ஹெட் நட்டுகளை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரே நட்டை ஒரேயடியாகக் கழற்றக் கூடாது.

8. வார்ப்பிரும்பு ஹெட் கனமானது. இரண்டு பேர் சேர்ந்து நேராகத் தூக்கி, மரக்கட்டைகளின் மேல் வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை நடுவே செருகி நெம்பக் கூடாது. மரச் சுத்தியலால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் விட்டுவிடும்.

ஹெட் கழற்றியிருக்கும்போது கிராங்கைச் சுற்றக் கூடாது. தண்ணீர் நேராகத் தொடும் வகை லைனர்கள் மேலே எழும்பிவிட்டால், அடியில் உள்ள ரப்பர் வளையம் கெட்டு, இல்லாத பழுது புதிதாக வரும்.

சுத்தமும் சோதனையும்

பழைய கேஸ்கட்டை முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கருகியிருக்கிறது, எந்தத் துளைக்கு நடுவே அரித்திருக்கிறது என்பது தெரிந்தால், ஹெட்டிலும் பிளாக்கிலும் அதே இடத்தைக் கூர்ந்து கவனிக்கலாம்.

பழைய மாடல் கேஸ்கட்டுகள் பலவற்றில் கல்நார் இருக்கும். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகக்கூட வெளிப்படும். காய்ந்த கேஸ்கட்டை ஊதுவதோ, உப்புத்தாளால் தேய்ப்பதோ, சுற்றும் டிஸ்க்கால் அறுப்பதோ கூடாது. நனைத்து, மழுங்கிய ஸ்கிராப்பரால் எடுத்து, ஈரத்தோடு பையில் கட்டிவிட வேண்டும். சிலிண்டர் வாய்களிலும் ஆயில், தண்ணீர் துளைகளிலும் சுத்தமான துணியை அடைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்ய வேண்டும். முடித்தபின் அடைத்த துணிகளை எண்ணி எடுக்க வேண்டும்.

போல்ட் போகும் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் துடைத்தெடுக்க வேண்டும். உள்ளே தேங்கிய திரவத்தின் மேல் போல்ட்டை முறுக்கினால், அழுத்தம் தாங்காமல் பிளாக்கே விரிசல் விடலாம்.

அடுத்து, ஸ்டீல் ஸ்கேலை ஹெட்டின் மேல் நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை நிறுத்தி வைக்க வேண்டும். அடியில் 0.10 மி.மீ. ஃபீலர் தகடு நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கலாம். சர்வீஸ் புத்தகத்தின் அளவோடு ஒப்பிட்டு, கூடுதல் என்றால் லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். பிளாக்கையும் அதேபோலப் பார்க்க வேண்டும். இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிர் போன்ற கோடு தெரிந்தால், பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யாமல் மாட்டக் கூடாது. சமப்படுத்தல், விரிசல் சோதனை, வால்வு சீட் வேலை ஆகிய மூன்றும் பட்டறை வேலைகள். இவற்றை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

மாட்டும் முறை

புதிய கேஸ்கட்டில் மேல்பக்கம் எது என்ற குறி இருக்கும். பிளாக்கின் மேல் வைத்து, தண்ணீர்த் துளை, ஆயில் துளை எல்லாம் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்லாத வரை கிரீஸோ பசையோ தடவக் கூடாது.

ஹெட்டை நேராக இறக்கி, நட்டுகளை நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி முறுக்க வேண்டும். மூன்று சுற்றாக முறுக்குவது நல்லது. உதாரணமாக, புத்தகத்தில் 9 கிலோ-மீட்டர் என்று இருந்தால் முதல் சுற்று 3, அடுத்து 6, கடைசியில் 9. டார்க் ரெஞ்சில் வேறு அலகு இருந்தால், 1 கிலோ-மீட்டர் என்பது சுமார் 9.8 நியூட்டன்-மீட்டர், அல்லது 7.2 அடி-பவுண்டு. மரை தேய்ந்த நட்டு, இழுபட்ட ஸ்டட் இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

புஷ் ராடுகளை வரிசைப்படி செருகி, ராக்கரை மாட்டி, டேப்பெட் இடைவெளியைப் புத்தகத்தின்படி வைக்க வேண்டும். நாசில்களுக்குப் புதிய செம்பு வாஷர் போட வேண்டும். டீசல் ஃபில்டரில் தொடங்கி பம்ப், நாசில் பைப் என்ற வரிசையில் ஏர் எடுக்க வேண்டும். இன்ஜின் சுற்றும்போது நாசில் பைப் பக்கம் கையை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். இன்ஜின் சூடாகும் வரை ஓட்டி, கசிவு பார்த்து, ஆறிய பிறகு தண்ணீர் மட்டத்தைச் சரி செய்ய வேண்டும். மறுபடி டைட் வைக்கச் சொல்லும் மாடல் என்றால், சொன்ன மணி நேரத்தில் தவறாமல் செய்து, டேப்பெட்டையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்பவை

கேள்வி: ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் கசிவு நிற்கும் என்கிறார்களே?

பதில்: ரேடியேட்டரின் ஊசித்துளைக் கசிவுக்கு, வீடு வந்து சேரும்வரை உதவலாம். ஹெட் கேஸ்கட்டுக்கு உதவாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்து, சூட்டைத்தான் கூட்டும்.

கேள்வி: மாற்றிய ஆறே மாதத்தில் மறுபடி போய்விட்டது. கேஸ்கட் மட்டமா?

பதில்: பெரும்பாலும் காரணம் சூடுதான். கதிரடிக்கும்போது ரேடியேட்டர் கண்களை அடைக்கும் தூசு, தளர்ந்த ஃபேன் பெல்ட், வேலை செய்யாத தெர்மோஸ்டாட், நைந்த மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அரை கிலோ அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் தண்ணீர் சுமார் 110 டிகிரி வரை கொதிக்காது. மூடி பழுதானால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கேள்வி: போர்த் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: உப்புத் தண்ணீர் என்றால் கூடாது. உலை வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதேதான் இன்ஜினுக்குள்ளும் படியும். சுத்தமாகப் பிடித்த மழைநீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவது நல்லது.

கேள்வி: முதல்முறை தனியாகச் செய்யலாமா?

பதில்: அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. வேலை இல்லாத கோடையில் தொடங்கினால் அவசரம் இருக்காது. உழவு நாளில் தொடங்கினால், முறுக்கு வரிசையும் அளவும் தப்பிப்போகும்.