எமது வீட்டை வைக்கோல் சூடாக்குகிறது

டென்மார்க்கில் முதலாவது குளிர்காலத்தைக் காணும் எமது குடும்பங்களுக்குச் சுவரிலுள்ள ஹீற்றரே பெருந்துணை. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதை எம்மில் பலர் யோசிப்பதில்லை.

இந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினுக்குத் தனியான எண்ணெய் அடுப்புக் கிடையாது. ஊரிலுள்ள வெப்ப நிலையத்தில் நீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்கள் மூலம் வீடு வீடாக அனுப்புகிறார்கள்.

எண்ணெய் கற்பித்த பாடம்

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தபோது, டென்மார்க்கின் சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலேயே தங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதற்கும் தடை வந்தது. அதன் பின்னரே மாற்று வழிகள் மும்முரமாகத் தேடப்பட்டன. 1979இல் வெப்ப வழங்கற் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டளவில் மின்நிலையங்கள் வருடந்தோறும் 12 இலட்சம் தொன் வைக்கோலும் 2 இலட்சம் தொன் மரச்சீவலும் எரிக்க வேண்டுமென 1993இல் அரசியற் கட்சிகள் உடன்பட்டன.

முன்னர் அறுவடை முடிந்ததும் வயலிலேயே கொளுத்தப்பட்ட கோதுமை வைக்கோல், இன்று சுமார் 500 கிலோ நிறையுள்ள கட்டுகளாக நிலையங்களுக்குப் போகிறது. ஏறத்தாழ 3 கிலோ வைக்கோல் 1 கிலோ எண்ணெயின் வெப்பத்தைத் தரும்.

இரண்டும் புகைதானே?

எரித்தால் இரண்டிலும் கரியமிலவாயு வரும். ஆனால் வைக்கோலிலிருந்து வெளியேறுவது, சென்ற பருவத்தில் பயிர் காற்றிலிருந்து எடுத்தது. அடுத்த பயிர் அதனை மீண்டும் எடுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கரியைப் புதிதாகக் காற்றில் சேர்க்கின்றன.

எனினும் எல்லா விறகும் ஒன்றல்ல. பெரிய நகரங்களின் நிலக்கரி நிலையங்கள் பல மரத்துகள் உருண்டைகளுக்கு மாறின. அவற்றிற் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். வைக்கோலுக்கும் எல்லை உண்டு: மாட்டுக்கும் மண்ணுக்கும் அது வேண்டும். ஆகவே எண்ணெயை வீணாக்கிய அளவுக்கு வைக்கோலையும் மரத்தையும் வீணாக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

வெப்பத்துக்கு நாம் முற்பணமாகவே கட்டுகிறோம். வருட முடிவில் மீற்றரைப் பார்த்துக் கணக்கு முடிக்கும்போது பெருந்தொகை கேட்டால் வீட்டுச் செலவே தடுமாறிவிடும். எனவே மாதம் ஒருமுறை மீற்றர் எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஹீற்றரின் மேற்பகுதி சூடாகவும் கீழ்ப்பகுதி குளிராகவும் இருந்தால் அது பழுதல்ல. நீர் தன் சூட்டை எமக்குத் தந்துவிட்டது என்பதே பொருள். நீர் சூடாகவே திரும்பிப் போனால் சில ஊர்களில் மேலதிகக் கட்டணமும் உண்டு. ஒரு ஹீற்றரை முழுதாகத் திறப்பதிலும் அறையிலுள்ள எல்லாவற்றையும் அளவாகத் திறப்பது நல்லது.

கறி சமைத்த மணம் போக யன்னலை நாள் முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். ஹீற்றரை மூடிவிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்தால் போதும். ஈரமும் போகும், சுவரில் பூஞ்சணமும் பிடிக்காது.

வைக்கோலின் அருமை உழவர் பரம்பரையில் வந்த எமக்குப் புதிதல்ல. அதே சிக்கனத்தை இந்தக் குளிர் நாட்டிலும் கைக்கொள்வோம். எமது பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.