பச்சிலையும் பக்குவமும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், செங்கல்பட்டை அடைவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ள ஊர் சிங்கப்பெருமாள் கோயில். குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் குடைவரைக் கோயிலால் அவ்வூர் இப்பெயர் பெற்றது. அக்கோயிலின் தலமரம் அழிஞ்சில். அதன் விதையிலிருந்து எடுக்கும் தைலத்தைச் சித்த மருத்துவம் தோல் நோய்களுக்குப் புறப்பூச்சாகப் பயன்படுத்துகிறது. அதே மரத்தின் வேர்ப்பட்டையோ உட்கொண்டால் கடும் வாந்தியை உண்டாக்கும். ஒரே மரம், ஒரு பகுதி புறத்தே பூசத்தக்கது, மற்றொரு பகுதி அளவறிந்தோர் மட்டுமே கையாளத்தக்கது. மூலிகையை அறிதல் என்பது அதன் பெயரை அறிதல் மட்டுமன்று. எப்பகுதி, எவ்வளவு, எப்பொழுது, யாருக்கு என்பனவற்றை அறிதலே ஆகும். வீட்டிலேயே தோலைப் பேண விரும்புவோர்க்கு இவ்வறிவே முதற்பொருள்.

தோல் என்னும் அரண்

மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்புடையதாக இருக்கும். அதன் மேற்படலம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5 ஆகும். இம்மெல்லிய அமிலப் போர்வை தீங்கு செய்யும் நுண்ணுயிரிகளின் பெருக்கத்தைத் தடுக்கிறது. தோலின் ஈரம் வெளியேறாமலும் காக்கிறது.

எனவே, தோலைப் பேணுதல் என்பது இவ்வரணைக் குலையாமல் வைத்திருப்பதே. சமையல் சோடா காரத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாறோ ஏறத்தாழ 2 என்னும் பி.எச். மதிப்புடைய கடும் அமிலம். இரண்டும் சமையலறைப் பொருள்களே எனினும், முகத்தில் நேரே தேய்க்கத் தக்கவை அல்ல. உண்ணத் தகுந்தவை எல்லாம் பூசத் தகுந்தவை என்பது பிழையான முடிவு.

நலங்கு மாவின் நுட்பம்

தமிழர் இல்லங்களில் குழந்தைகளைக் குளிப்பாட்டவும் திருமணத்தில் மணமக்களுக்கு நலங்கு இடவும் பயன்பட்டு வரும் மாவு நலங்கு மாவு. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோசா இதழ் முதலியவற்றை நிழலில் உலர்த்தி அரைத்து இதனைச் செய்வர். இதில் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் உண்டு. பயற்று மாவு தோலின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும். சோப்பைப் போலத் தோலைக் காரத்தன்மைக்கு மாற்றுவதில்லை. வெட்டிவேரின் மணமும் பூலாங்கிழங்கின் மணமும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் வருவன. கடும் வெயிலில் உலர்த்தினால் அவை விரைந்து வெளியேறிவிடும். ஆதலால் நிழலில் உலர்த்துவர். அரைத்த மாவை மெல்லிய துணியில் சலிப்பதும் காரணமின்றி அன்று. பருமனான துகள்கள் தோலைக் கீறிப் புண்ணாக்கும்.

பகுதியும் பயனும்

சோற்றுக் கற்றாழையின் மடலை அறுத்தவுடன் மஞ்சள் நிறச் சாறு வடியும். தோலுக்கு அரிப்பூட்டக்கூடிய இச்சாறு மடலின் புறத்தோலுக்கு அடியில் இருப்பது. இதனைக் காய்ச்சி இறுகச் செய்தால் கிடைப்பது கரியபோளம்; அது பேதிக்குரிய மருந்து. தோலுக்கு இதமளிப்பது மடலின் நடுவிலுள்ள நிறமற்ற சோறு மட்டுமே. ஆகவே மடலைச் சாய்த்து வைத்து, மஞ்சள் சாறு முழுதும் வடிந்த பின் கழுவி, உட்சோற்றை எடுத்தல் வேண்டும்.

குப்பைமேனி இலையை மஞ்சளுடன் அரைத்துச் சொறி, சிரங்கிற்குப் பூசுதல் நெடுங்கால வழக்கம். அதே இலையை உணவாக உண்டோருள் ஒரு பிரிவினருக்குச் செங்குருதி அணுக்கள் சிதைந்ததாக இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பிறவியிலேயே குறிப்பிட்ட நொதி ஒன்று குறைவாக உள்ளோர்க்கே இத்தீங்கு நேர்கிறது. புறத்தே பூசத்தக்கது அகத்தே உண்ணத்தக்கது ஆகாது என்பதற்கு இஃது ஒரு சான்று. எருக்கம்பாலும் கொடிவேலி வேரும் தோலைக் கொப்புளிக்கச் செய்வன. நச்சுத்தன்மையுள்ள சரக்குகளைச் 'சுத்தி' செய்த பின்னரே கையாளவேண்டும் எனச் சித்த மருத்துவம் விதித்திருப்பது இதனால்தான்.

வெயிலும் மூலிகையும்

குளியல் பொடிகள் சிலவற்றில் கார்போக அரிசி சேர்ப்பதுண்டு. இதிலுள்ள சோராலென் என்னும் பொருள் சூரியனின் புறஊதாக் கதிர்களுடன் சேர்ந்தால் தோலின் நிறமிகளைத் தூண்டும். வெண்புள்ளிகளுக்கு இவ்விதையை நம் மருத்துவர்கள் பயன்படுத்தியமைக்கு அதுவே காரணம். எகிப்தில் 1940களில் இவ்வகைப் பொருளைக் கொண்ட வேறொரு செடியை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அதிலிருந்து பெற்ற மருந்துடன் புறஊதாக் கதிரைச் சேர்த்துத் தரும் சிகிச்சை பின்னர் உலகெங்கும் பரவியது. ஆனால் அளவு மீறினால் இதே வினை தோலைத் தீய்த்துக் கொப்புளமாக்கும். எலுமிச்சையிலும் இவ்வினத்தைச் சார்ந்த பொருள்கள் உள்ளன. அதன் சாறு பட்ட தோல் வெயிலில் காய்ந்தால் கரும்படைகள் தோன்றுவதும், அவை பல வாரங்கள் மறையாதிருப்பதும் உண்டு.

இருளர் மகளிரின் அறிவு

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரை பரந்துள்ள நிலம் குன்றுகளும் ஏரிகளும் புதர்க்காடுகளும் நிறைந்தது. இந்நிலத்தின் செடிகொடிகளை நன்கறிந்தோர் இருளர். பாம்பு பிடிப்பதில் அவர்தம் திறன் உலகறிந்தது. அவர்களுடைய பச்சிலை அறிவு அதற்குச் சற்றும் குறைந்ததன்று. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மூலிகை நாற்றங்கால் வளர்ப்பதும், மூலிகைகளைக் கொண்டு மருந்துகளும் தோல் பராமரிப்புப் பொருள்களும் செய்வதும் அதன் பணிகளுள் அடங்கும். காட்டில் விறகும் கிழங்கும் தேடித் திரிந்த பெண்களின் அறிவு, அவர்களுக்கே வருவாயும் மதிப்பும் ஈட்டித்தரும் தொழிலாக இவ்வாறு மாறியது.

இலை போதும் என்னும் இடத்தில் வேரைப் பிடுங்காமையும், பூவைப் பறிக்கையில் விதைக்கெனச் சில விட்டுவைத்தலும் பச்சிலை அறிவின் ஒரு பகுதியே. செடி அழிந்தால் அதைப் பற்றிய அறிவும் பயனற்றுப் போகும். அறிந்தோர் மறைந்தால் செடி வெறுங்களையாகும்.

மஞ்சள் வழக்கு

1995ஆம் ஆண்டு அமெரிக்காவில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய இல்லங்களில் பாட்டியர் அறிந்திருந்த ஒன்று புதுக் கண்டுபிடிப்பாகப் பதிவாயிற்று. இந்திய அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் சான்றாகக் காட்டி எதிர்த்தது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. பின்னர், சித்தம் உள்ளிட்ட மருத்துவ முறைகளின் நூலறிவைத் தொகுத்து மரபறிவு மின்னூலகம் உருவாக்கப்பட்டது.

இவ்வழக்கில் வென்றது எழுத்தில் இருந்த அறிவு. இருளர் போன்றோரின் அறிவோ பெரிதும் வாய்மொழியாக வருவது. அதனைப் பயன்படுத்திப் பொருளீட்டுவோர் அவ்வறிவுக்கு உரியோருடன் பயனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் கொள்கையை 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

நிறமும் நலமும்

தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்னும் நிறமி. அது வெயிலின் தீங்கிலிருந்து உடலைக் காக்கும் குடை. கருமை ஒரு குறையன்று. ஆகவே அதற்கு மருந்தும் தேவையில்லை. நிறத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை அழகுப்பொருள்களில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தியது. 'மூலிகை' என்னும் சொல் உறையின்மேல் அச்சிடப்பட்டிருப்பதால் மட்டுமே ஒரு பொருள் தூயதாகிவிடாது.

இல்லத்தில் கொள்ளவேண்டிய பக்குவம்

எந்தப் பூச்சாயினும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஒரு நாள் முதல் இரு நாள் வரை பொறுத்திருந்து பார்த்தல் நன்று. அரிப்போ சிவப்போ தோன்றினால் அதனைக் கைவிட வேண்டும். நீர் சேர்த்து அரைத்த விழுதை அன்றே பயன்படுத்தித் தீர்க்க வேண்டும்; வைத்திருந்தால் பூஞ்சையும் நுண்ணுயிரியும் பெருகும். உலர்ந்த மாவை ஈரம் படாத கலத்தில் வைத்தல் வேண்டும். சாலையோரப் புகையும் பூச்சிக்கொல்லியும் படிந்த இலைகளைத் தவிர்த்தல் நலம். சீழ் கொண்ட புண், உடல் முழுதும் பரவும் தடிப்பு, தொட்டால் உணர்ச்சியற்ற வெளிர்திட்டு ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரை நாடுவதே முறை. உணர்ச்சியற்ற திட்டு தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் முற்றிலும் குணப்படுத்த இயலும். பச்சிலை பூசிக் காலம் கடத்தினால் ஊனம் நேரும்.

மரபு என்பது கேள்வியின்றிப் பின்பற்றுவதற்கு உரியதன்று. ஆராயாமல் ஒதுக்குவதற்கு உரியதும் அன்று. கற்றாழையின் மஞ்சள் சாற்றை வடியவிட்டவரும், நலங்கு மாவை நிழலில் உலர்த்தியவரும் பலகாலம் உற்றுநோக்கியே அப்பக்குவத்தைக் கண்டனர். இலையை மட்டும் எடுத்துக்கொண்டு அப்பக்குவத்தை விட்டுவிடுவோர்க்கு மூலிகை பாதுகாப்புத் தருவதில்லை. வீட்டுத் தோட்டத்துச் செடியின் பெயரோடு அதன் பயனையும் எல்லையையும் மூத்தோரிடம் கேட்டறிந்து எழுதிவைப்பதும், அறிவியல் கொண்டு அதனை ஆராய்வதும் இளைய தலைமுறையின் கடமையாகும்.