அண்மையிலுள்ள குன்றங்களும் குடைவரைகளும்

விடுமுறை அணுகுந்தோறும் மாணவரிடையே எழும் பேச்சு யாவரும் அறிந்ததே. குற்றாலம் என்பார் ஒருவர். ஏற்காடு என்பார் மற்றொருவர். ஒகேனக்கல் என்பார் வேறொருவர். தாம் புகைவண்டியில் அடிக்கடி கடந்து செல்லும் செங்கற்பட்டு மாவட்டத்தை நினைப்பார் அரியர். "இங்கே காண்டற்கு என்ன உளது?" என வினவின், "மாமல்லபுரம் உளது, அதனைச் சிறுவயதிலேயே பார்த்துவிட்டோம்" என்னும் விடையே கிடைக்கும். மாமல்லபுரத்தைப் பார்த்தவர் பலர். அதற்குச் செல்லும் வழியைப் பார்த்தவர் சிலரே. அவ்வழியினைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நம் மாவட்டத்தில் பேர்பெற்ற அருவி யாதுமில்லை. இங்குள்ள குன்றுகள் தாழ்ந்தவை. பெரும்பாலும் தனித்தனியே நிற்பவை. ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழை பாறைச் சரிவில் வழிந்து விரைவில் அடிவாரம் சேர்ந்துவிடுகின்றது. நம் முன்னோர் அந்நீரை வீணே விடாது கரைகட்டித் தேக்கினர். அதனாலன்றோ செங்கற்பட்டு ஏரிகளின் நாடு எனப் பெயர் பெற்றது! கொளவாய் ஏரியும் மதுராந்தகத்துப் பேரேரியும் இதற்குச் சான்றாவன. அருவியைத் தாராத குன்றுகள் பிறிதொரு செல்வத்தை நமக்கு அளித்தன. அதுவே கல்.

சென்ற தைத்திங்களில் ஒருநாள் மாணவர் சிலருடன் விடியற்காலையிற் புறப்பட்டு, முதலிற் சிங்கப்பெருமாள் கோயிலை அடைந்தோம். தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே, நெடுஞ்சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் அருகில் அமைந்த ஊர் இது. ஊருக்குப் பெயர் தந்த நரசிங்கப் பெருமாள் பாடலாத்திரி என்னும் சிறு குன்றில் வீற்றிருக்கின்றார். 'பாடலம்' செந்நிறம், 'அத்திரி' மலை. செங்குன்றம் என்பதே அதன் பொருள். இறைவனது நெற்றியில் மூன்றாவது கண் உண்டென்பது இத்தலத்தின் சிறப்பு. அர்ச்சகர் திருநாமத்தை விலக்கி விளக்கொளியில் அதனைக் காட்டுவர். கருவறை பல்லவர் காலத்துக் குடைவரையாகும். மலையே சுவராதலின், இறைவனை வலம்வர விரும்புவோர் குன்றினையே வலம்வருதல் வேண்டும். குடைவரை என்னும் சொல்லின் பொருளை நூல்களாற் கற்பதினும் அக்குன்றினை ஒருமுறை சுற்றிவரின் எளிதில் உணரலாம்.

ஈண்டு ஒரு வரலாற்றை நினைவுகூர்தல் நலம். தமிழ்நாட்டுப் பழங்கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் இயன்றமையின் காலத்தால் அழிந்தன. கி. பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரை எடுப்பித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் அதனை ஆக்கியதாக அங்குள்ள கல்வெட்டிற் பொறித்தான். அழியாப் பொருளை நாடிய அவ்வுள்ளமே பின்வந்த அருஞ்செயல்களுக்கெல்லாம் வித்தாயிற்று.

அதன் இளங்கன்று ஒன்றைச் செங்கற்பட்டிற்கு அணித்தாய வல்லம் என்னும் சிற்றூரிற் கண்டோம். திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையிற் சிறிது தொலைவில் உள்ளது அவ்வூர். அங்குள்ள குன்றில் மூன்று குடைவரைகள் உள. மேலுள்ளது சிவபெருமானுக்குரியது. இரண்டு தூண்கள் தாங்கும் சிறிய முகப்பு. தூண்களோ அடியும் முடியும் சதுரமாய், இடை எண்பட்டையாய் நிற்பன. வாயிலின் இருபுறமும் தண்டூன்றிய காவலர். அணிவேலை மிகுதியாக இல்லை. மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் இது எனத் தூணிலுள்ள தமிழ்க் கல்வெட்டுக் கூறுகின்றது. உடன்வந்த மாணவருள் ஒருவர், "இவ்வளவுதானா?" என்றார். மறுமொழி கூறாது அவரை அழைத்துக்கொண்டு மேற்சென்றோம்.

செங்கற்பட்டிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டரில் உள்ளது திருக்கழுக்குன்றம். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளேறி வேதகிரீசுவரர் கோயிலை அடைந்து, திரும்பும் வழியில் ஒருகல் மண்டபம் என்னும் குடைவரையைக் கண்டோம். தூண்களின் வடிவம் வல்லத்திற் கண்டதே. ஆயின் இடம் விரிந்தது, கையும் துணிவு பெற்றது. இக்குன்றிற்குப் பெயர் தந்த கழுகுகள் நண்பகலில் உணவருந்த வந்த காட்சியை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். 1990-களுக்குப்பின் அவை வருவதில்லை. பெயர் நின்றது; பறவை போயிற்று.

மாலையில் மாமல்லபுரம் அடைந்தோம். வராக மண்டபத் தூண்களைக் கண்டதும், வல்லத்தில் வினவிய மாணவர் வாய்திறவாது நின்றார். அடியில் அமர்ந்த சிங்கங்கள். மேலே மெலிந்தெழுந்த தண்டு. உள்ளே வராகமும் திருவிக்கிரமனும் திருமகளும் கொற்றவையும். பருத்த சதுரத் தூணிலே தொடங்கிய உளி எவ்வளவு தூரம் நடந்து வந்துள்ளது என்பதை அன்று காலையே வல்லத்தைக் கண்டவரன்றோ உணர்வர்! குடைதலோடு நில்லாது, பாறையை முழுதும் செதுக்கி ஐந்து இரதங்களாக்கினர்; பின்னர் இராசசிம்மன் கற்களை அடுக்கிக் கடற்கரைக் கோயிலை எழுப்பினான். நூறாண்டுக் கல்வி ஒருநாட் பயணத்துள் அடங்கியிருக்கின்றது.

முற்றுப்பெறாத வேலைகளையும் மாணவர் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். பாறை முகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, இடையே ஆழ்ந்த கோடுகள் வெட்டி, எஞ்சிய மேடுகளைத் தட்டி நீக்கியவாறே உள்ளே சென்றமை அவற்றால் விளங்கும். இரதங்கள் சிலவற்றின் மேற்பகுதி முடிந்திருப்பவும் அடிப்பகுதி கரடாய் நிற்றலின், வேலை மேலிருந்து கீழாக நடந்தமையும் தெளியலாம். சிற்பி தன் பாடத்தை அழியாது விட்டுச் சென்ற ஏடுகள் இவை.

அவ்வேடுகளுக்கு இன்று நேரும் இடர் இரண்டு. ஒன்று, நம் கையால் வருவது. ஒருகல் மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்தர் சிலர் தம் பெயர்களை வெட்டியுள்ளனர். நம் மாணவர் அதனைக் கண்டு நகைத்தனர். இறங்கும் வழியில் ஒரு பாறைமேல் அண்மையிற் கீறப்பட்ட பெயர்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றன்கீழ் ஒரு கல்லூரியின் பெயரும் இருந்தது. அஃது எக்கல்லூரி என்று ஈண்டு எழுதோம். அதன்பின் எவரும் நகைத்திலர்.

மற்றொன்று, குன்றுகளையே சல்லிக்கல்லாக உடைத்தல். தொல்லியல் துறையின் காப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கட்டுதலை 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விலக்கியுள்ளது. ஆயின் பெயரும் கல்வெட்டுமில்லாத குன்றுகளுக்கு அக்காப்பு இல்லை. அவற்றின் மழைநீரே நம் ஏரிகளுக்கு வருவதென்பதை மறத்தலாகாது. வெட்டிய மரம் தழைக்கும். வற்றிய ஏரி நிரம்பும். உடைந்த குன்று மீள்வதில்லை.

ஆதலின் நண்பர்களே, அடுத்த விடுமுறையில் தொலைவிலுள்ள அருவிக்குச் செல்லுமுன் ஒருநாள் இவ்வழியே சென்று வாருங்கள். குடிநீரும் குறிப்பேடும் கொண்டு செல்லுங்கள். வல்லத்தை முதலிலும் மாமல்லபுரத்தை இறுதியிலும் காணுங்கள். உங்கள் பெயரைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதுங்கள்.