இதயத்தின் நோவும் மூளையின் நாளங்களும்

தேக்கா சந்தைக்கு நாள்தோறும் போய்வந்த முதியவர் ஒருவர் மாரடைப்பிலிருந்து தேறி வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில காலத்தில் வாங்க வேண்டிய சாமானை மறக்கிறார். "வயதாகிவிட்டது" என்கிறோம். வயது மட்டும்தானா காரணம்?

உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆனால் உடல் ஏற்கும் பிராணவாயுவில் சுமார் 20 விழுக்காடு அதற்கு வேண்டும். இரத்த அழுத்தம் குறைந்தால் மூளையின் நாளங்கள் விரியும், கூடினால் சுருங்கும். மடையைத் திறந்து மூடி நீர் பாய்ச்சுவது போன்றது இது. முதுமையில் நாளங்கள் விறைப்பதால் இத்திறன் குன்றக்கூடும்.

எலிகளிடம் நடந்த ஆய்வுகளில், மாரடைப்புக்குப் பின் மூளையின் சிறு தமனிகள் அளவுமீறிச் சுருங்கி, இரத்த ஓட்டம் குறைவது தெரிந்தது. உடலில் எழும் அழற்சிப் பொருள்கள் இதற்கு ஒரு காரணம். எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் நேரும் என்பதில்லை. ஆயினும் மாரடைப்புக் கண்டவர்களின் நினைவாற்றல் பின்னாளில் விரைந்து தளர்வதை மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

சிங்கப்பூரில் சீனரைவிட இந்தியரிடையே மாரடைப்பு அதிகம். ஆகவே மறதியை அடுத்த பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ காத்திராமல் உடனே 995 எண்ணை அழையுங்கள்.