மாமன் இந்து என்றால் ஞானஸ்நானம் செல்லாதா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் வேதக்கார (கிறிஸ்தவ) வீடும் மாரியம்மன் கும்பிடும் வீடும் ஒரே லயத்தில் இருக்கும். பல வேளை ஒரே குடும்பமாகவும் இருக்கும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் தாய்மாமனையே ஞானத்தகப்பனாக நிறுத்திவிடுவார்கள். மாமன் இந்து. பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது கிளப்புவார்கள்: "அந்த ஞானஸ்நானம் செல்லாதாமே?"

செல்லும். தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொல்லி, திருச்சபையின் எண்ணத்தோடு கொடுத்திருந்தால் போதும். ஞானப்பெற்றோர் எவருமே இல்லாவிட்டாலும் செல்லும். 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அவர்களை "இயன்ற மட்டில்" என்றுதான் கேட்கிறது. ஒருவர் போதும். அவருக்குப் பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும். உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. மெதடிஸ்த அத்தை, கத்தோலிக்கர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். இந்து மாமன் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கி வைத்திருக்கட்டும். ஞானத்தகப்பன் பொறுப்பு மட்டும் அவருக்கு வராது.

செல்லாமல் ஆக்கக்கூடியது மாமன் அல்ல, வார்த்தை. "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள்" ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்று சொன்னால் செல்லாது என்று வத்திக்கான் 2020 ஆகஸ்டில் அறிவித்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் குருவானவர் ஒருவர் தம் குழந்தைப்பருவ ஞானஸ்நான வீடியோவில் அந்த "நாங்கள்" இருப்பதைக் கண்டு, ஞானஸ்நானம் முதல் குருப்பட்டம் வரை எல்லாவற்றையும் புதிதாகப் பெற வேண்டியதாயிற்று. போனில் வீடியோ எடுக்கும் சித்தப்பாவைத் திட்டாதீர்கள்.

பிள்ளை உயிருக்குப் போராடினால், டிக்கோயா ஆஸ்பத்திரியின் இந்துத் தாதிகூடத் திருச்சபையின் எண்ணத்தோடு ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிறகு பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிய வேண்டும்.

பெற்றோரில் ஒருவரின் சம்மதம் போதும். கல்யாணமாகாத தாய் என்பதற்காகவோ காசில்லை என்பதற்காகவோ மறுக்க முடியாது. பிள்ளை கத்தோலிக்கராக வளரும் நம்பிக்கை கொஞ்சமும் இல்லையென்றால் ஃபாதர் தள்ளிவைக்கலாம். ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். தீராவிட்டால் கண்டி ஆயருக்கு எழுதலாம்; நுவரெலியா மாவட்டம் அந்த மறைமாவட்டத்தில்தான் இருக்கிறது.

உண்மையான சிக்கல் பெரும்பாலும் ஞானஸ்நானப் பதிவேட்டில்தான். பெயர் காணவில்லையென்றால், யாருக்கும் பாதகமில்லாத இடத்தில், நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் நிபந்தனையோடு ஞானஸ்நானம் கொடுப்பார்கள்.

கோவில் தரும் ஞானஸ்நானச் சீட்டு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஆகாது. பிறந்த 42 நாளுக்குள் பதிவாளரிடம் தனியாகப் பதிய வேண்டும். கடதாசியின் அருமை நமக்குத் தெரியும்: இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டபோது தோட்டத்து மக்கள் பலர் கையில் அது இருக்கவில்லை. ஆகவே ஞானஸ்நானத்தன்று பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுபோய், தாயின் பெயரை அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தில் மாரியாயி, கோவிலில் மரியாயி என்று இருந்தால் பிறகு அலைச்சல் உங்களுக்குத்தான்.