வாசலில் ஒரு காவல் கண்



தோட்டத்து லயத்தில் அழைப்பு மணிக்கு என்ன வேலை இருந்தது? விடியுமுன் பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டினால் அதுவே ஊருக்கெல்லாம் மணி. வீட்டுக்கு வருகிறவர் வாசலில் நின்று "அக்கா!" என்று குரல் கொடுப்பார். குரலைக் கேட்டதுமே வந்திருப்பவர் இன்னார் என்று அடுப்படியில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அறியாத ஆள் யாராவது லயத்துக்குள் நுழைந்தால், முதல் வீட்டுப் பாட்டியே நிறுத்தி, "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டுவிடுவார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பின் நம்மவர் பலர் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் கணிசமானோர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று செராஸ். கோலாலம்பூரில் பாதியும் சிலாங்கூரின் உலு லங்காட்டில் பாதியுமாகக் கிடக்கும் பெரிய வட்டாரம் அது. தாமான் மிடா, தாமான் கொனாட், பண்டார் துன் ரசாக் என்று வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் நெருங்கி நிற்கின்றன. 2017-ஆம் ஆண்டில் எம்.ஆர்.டி. ரயிலும் வந்துவிட்டது. பிள்ளைகள் காலையில் ரயிலேறினால் இரவில்தான் திரும்புகிறார்கள். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் வயதான தாயார் ஒருவரே.

கதவு தட்டப்படுகிறது. "பார்சல்" என்கிறது ஒரு குரல். "மீட்டர் பார்க்கணும்" என்கிறது இன்னொரு குரல். திறக்காமல் இருந்தால் மகள் வாங்கிய சாமான் திரும்பிப் போய்விடும். திறந்தால் வருகிறவர் யாரோ! ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தத் தாயார் இந்தத் தவிப்பைத் தாங்குவது?

இதற்கு வழியாகத்தான் இன்று பல வீடுகளில் வீடியோ அழைப்பு மணி வைக்கிறார்கள். பொத்தானுக்கு மேலே சிறிய கேமரா, கீழே பேசவும் கேட்கவும் வசதி. வெளியே நிற்பவர் பொத்தானை அழுத்தினால் அவர் முகம் கைத்தொலைபேசியில் தெரியும். கதவைத் திறக்காமலே பேசலாம். பிள்ளைகள் வேலையிடத்தில் இருந்தபடியும் பதில் சொல்லலாம். நல்ல பொருள்தான். ஆனால், வாங்குமுன் சில விஷயங்களை அறிந்துகொள்ளுங்கள். அவற்றுள் ஒன்று உயிரோடு சம்பந்தப்பட்டது.

ஒரு தாதியின் சிந்தனை

இந்தக் கருவி ஏதோ பெரிய நிறுவனத்தின் மூளையில் உதித்தது என்று எண்ணிவிடாதீர்கள். இதன் மூலக் கருத்துக்குச் சொந்தக்காரர் நம்மைப் போல் உழைத்துப் பிழைத்த ஒரு பெண்மணி.

மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்பது அவர் பெயர். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினத்தவர். தாதியாக வேலை பார்த்தவர். கணவர் ஆல்பர்ட் மின்னணுத் தொழில்நுட்பர். இருவருக்கும் நேரங்கெட்ட நேரத்து வேலை. இரவில் தனியே இருக்கும்போது கதவு தட்டப்பட்டால் நெஞ்சு படபடக்கும். போலீசைக் கூப்பிட்டாலோ வந்து சேரத் தாமதமாகும்.

கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து யோசித்தார்கள். கதவில் உயரத்துக்கு ஒன்றாக நான்கு துளைகள். அவற்றின் வழியே மேலும் கீழும் நகர்ந்து பார்க்கும் கேமரா. படுக்கையறையில் ஒரு திரை. வந்தவரோடு பேச ஒலிவாங்கி. வேண்டியவரானால் தூரத்திலிருந்தே தாழ் நீக்க ஒரு பொத்தான். வேண்டாதவரானால் அபாயச் செய்தி அனுப்ப இன்னொன்று. 1966-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2-ஆம் தேதி அது கிடைத்தது.

இன்று கடையில் சிறு பெட்டியில் வைத்து விற்கப்படும் மணி அந்தக் கருத்தின் பேரப்பிள்ளைதான். தனியாக இருக்கும் பெண்ணின் அச்சத்தில் பிறந்த கருவி, நம் வீட்டுத் தாயாருக்கும் துணையாக வருவதில் வியப்பென்ன?

பெட்டியில் இருப்பதும் சுவரில் இருப்பதும்

இந்த மணிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பேட்டரியில் ஓடுவது. சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி மின்னேற்ற வேண்டும். மற்றொன்று கம்பி வழியாக மின்சாரம் பெறுவது. இதில் அந்தத் தொல்லை இல்லை. ஐந்து வாட் இழுக்கும் மணி மாதம் முழுக்க ஓடினாலும் நான்கு யூனிட்டுக்குக் குறைவாகவே செலவாகும். ஆகவே பலரும் கம்பி மணியை விரும்புகிறார்கள்.

இங்கேதான் வாசகர்களே, கவனம் வேண்டும்!

விற்பனைக்கு வரும் பல மணிகளின் விளக்கக் குறிப்பு அமெரிக்க வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே பழைய அழைப்பு மணியின் பின்னால் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது மின் அழுத்தத்தை 16 முதல் 24 வோல்ட் வரை குறைத்துக் கொடுக்கும். ஆகவே, "பழைய பொத்தானைக் கழற்றி, அதே இரு கம்பிகளைப் புதிய மணியில் மாட்டுங்கள்" என்று குறிப்பு சொல்கிறது. அந்த நாட்டில் அது சரி.

நம் நாட்டு வீட்டுச் சுவரிலோ 230 வோல்ட் ஓடுகிறது. பழக்கத்தில் 240 என்கிறோம். இங்கே பல வீடுகளின் 'டிங் டாங்' மணி, டிரான்ஸ்ஃபார்மர் ஏதுமின்றி அந்த 230 வோல்ட்டிலேயே நேரடியாக வேலை செய்கிறது. அந்தக் கம்பியில் 24 வோல்ட் மணியை மாட்டினால் என்ன ஆகும்? கருவி நொடியில் கருகும். அது போனால் போகட்டும்; மாட்டுகிறவர் கையும் அதே கம்பியில்தானே இருக்கிறது? வாசல் தூண் மழையில் நனைகிற இடம். ஈரக் கையும் 230 வோல்ட்டும் சேர்ந்தால் உயிருக்கே உலை.

எனவே முதல் வேலை, பழைய மணி எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்று அறிவது. மணிப்பெட்டியில் எழுதியிருக்கலாம், எழுத்து அழிந்திருக்கவும் கூடும். வயர்மேன் மீட்டர் வைத்து அளந்து சொல்வதே நம்பத் தகுந்தது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டு அழையுங்கள். "நம்ம பையன் எல்லாம் செய்வான்" என்ற பெருமையை இந்த ஒரு வேலையில் ஒத்தி வையுங்கள்.

வயர்மேன் வரும் நாளில்

வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பொத்தானை அணைத்தால் போதாது.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர். மணியின் பெட்டியில் என்ன வோல்ட், எத்தனை வோல்ட்-ஆம்பியர் என்று இரண்டு எண்கள் இருக்கும். அதுவே சட்டம். 16 முதல் 24 வோல்ட், 10 முதல் 40 வோல்ட்-ஆம்பியர் என்பது வழக்கமாகக் காணும் அளவு. சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் 8 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் பழைய மணிக்குப் போதும். கேமரா மணிக்குப் போதாது. பகலில் வேலை செய்வதுபோல் காட்டும். இருட்டியதும் இரவுப் பார்வைக்கான விளக்கு எரிய வேண்டியிருப்பதால் மின்சாரம் பற்றாமல் அணைந்து அணைந்து வரும். வாங்கிய பொருள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். குறை டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும்.

வேறொன்றையும் கவனியுங்கள். கண்காணிப்புக் கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் அடாப்டர் தருவது நேர் மின்சாரம். பல மணிகளுக்கு வேண்டியது மாறு மின்சாரம். எண் பொருந்தினாலும் இனம் பொருந்தவில்லையென்றால் வேலைக்கு ஆகாது.

வரிசை வீட்டில் கேட்டுத் தூண் வீட்டிலிருந்து தள்ளி நிற்கும். நூல் போன்ற கம்பியை இருபது மீட்டர் இழுத்தால் வழியிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் தேய்ந்துவிடும். சற்றுத் தடித்த கம்பியாகப் போடச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள்ளே காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கம்பி வெளியே வரும் துளையைச் சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும். மழைநீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும், எறும்பும் போகும்.

வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை. கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு கேட்டருகே நின்று வீட்டு வைஃபையில் ஒரு வீடியோவைப் பாருங்கள். படம் நின்று நின்று வந்தால் மணியும் அப்படித்தான் வரும். செங்கற்சுவரும் இரும்புக் கேட்டும் அலையைத் தடுக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டி அதிக தூரம் போகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னலுக்குப் பேர்போனது. மின்னல் தாக்கினால் கம்பிவழி பாய்ந்து கருவிகளைக் கெடுக்கும். மின்பெட்டியில் மின்னல் தடுப்புச் சாதனம் வைக்க முடியுமா என்று அதே வயர்மேனைக் கேளுங்கள். மின்சாதனத்தில் சிரிம் முத்திரையும், வைஃபை உள்ள கருவியில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரையும் உண்டா என்று பாருங்கள்.

கண் எங்கே பார்க்க வேண்டும்?

தரையிலிருந்து நான்கடி உயரம், அதாவது 1.2 மீட்டர், பொருத்தமான இடம். அதற்கு மேல் வைத்தால் தலைதான் தெரியும், முகம் தெரியாது. மாலை வெயில் நேரே விழும் திசையைத் தவிருங்கள். வெயிலில் முகம் கறுத்துப் போகும்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வாசலுக்கு வைத்த கண், எதிர் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறதா? செராஸ் வரிசை வீடுகளில் இரு கேட்டுகளுக்கு இடையே ஒரு சிறு சாலைதான். அடுக்குமாடியிலோ கதவுக்கு நேரே கதவு. எதிர் வீட்டுப் பெண் துணி உலர்த்துவதும், அவர் வீட்டுக்கு யார் வருகிறார், போகிறார் என்பதும் நம் தொலைபேசியில் பதிவாவது முறையா?

2011-ஆம் ஆண்டில் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. அண்டை வீட்டின் முன்புறத்தை நோக்கி வைத்த கேமரா அவர்களுடைய அந்தரங்கத்தில் தலையிடுவதாகவே நீதிமன்றம் கண்டது. 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் வாசல் மணியும் கேமராக்களும் வைத்தவர்மீது அண்டை வீட்டுக்காரர் வழக்குத் தொடர்ந்து வென்றார். தூரத்துப் பேச்சையும் கருவி பிடித்துக்கொள்வது அங்கே பெரிய குறையாகக் கருதப்பட்டது.

ஆகவே கேமராவைச் சற்றுச் சாய்த்து உங்கள் வாசலோடு நிறுத்துங்கள். குறிப்பிட்ட பகுதியை மறைக்கும் வசதி பல மணிகளில் உண்டு; பயன்படுத்துங்கள். ஒலிப்பதிவு தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள். மாட்டுமுன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுக்குமாடியில் வெளித் தாழ்வாரம் பொதுச் சொத்து. நிர்வாகத்தின் அனுமதி பெற்றே துளையிட வேண்டும்.

சாவி யார் கையில்?

இந்த மணிக்கு இரும்புச் சாவி இல்லை, கடவுச்சொல்தான் சாவி. பிறந்த தேதியையும் வாகன எண்ணையும் வைக்காதீர்கள். கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டைப் போடுங்கள். இல்லையேல் உங்கள் வாசலை வேறு எவரோ உட்கார்ந்து பார்க்கக் கூடும்.

பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்றும் கேளுங்கள். சில மணிகள் உள்ளேயே ஒரு நினைவு அட்டையில் சேமிக்கும். சில, நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பி மாதாமாதம் கட்டணம் வாங்கும். மலிவாக வாங்கிய மணி கட்டணத்தில் விலை கூடிப்போவதும் உண்டு.

இன்னொன்றைப் பல பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். மணி ஒலிப்பது மகனின் தொலைபேசியில் மட்டும் என்றால், வீட்டில் இருக்கும் தாயாருக்கு என்ன பயன்? வாசலில் யாரோ நிற்கிறார். மகன் வேலையிடத்திலிருந்து பேசுகிறான். உள்ளே இருக்கும் தாயாருக்கு ஒன்றும் தெரியாது. கூடத்தில் ஒலிக்கும் மணி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். முடிந்தால் ஒரு சிறு திரையும் வைத்துக் கொடுங்கள். நான்கு நாள் பக்கத்தில் இருந்து பழக்குங்கள். "இங்கே அமுக்கு, இங்கே பேசு" என்று அவசரத்தில் சொல்லிவிட்டு ஓடுவது பழக்குவதாகாது.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு சொல். தனியே இருப்பதாக வந்தவரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். "பார்சலைக் கேட்டோரம் வைத்துவிட்டுப் போங்க" என்று சொன்னால் போதும். மீட்டர், தண்ணீர், கணக்கெடுப்பு என்று வந்தால் அடையாள அட்டையைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். மனம் ஒப்பவில்லையா? திறக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஆபத்தென்றால் 999.

மணி செய்யாத வேலை

மின்சாரம் போனால் கம்பி மணியும் போகும். இணையம் அறுந்தால் முகம் தெரியாது. திருடனை அது காட்டலாம்; கையைப் பிடித்து நிறுத்தாது. ஓடிவந்து நிற்க ஆள்தான் வேண்டும். எனவே மணி மாட்டும் அன்றே பக்கத்து வீட்டார் இருவரின் தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அவர்கள் சீனராக இருக்கட்டும், மலாய்க்காரராக இருக்கட்டும். ஆபத்துக்கு வருகிறவரே உறவு.

தோட்டப்புறத்தில் இருக்கும் பெற்றோருக்கு மணி வாங்கி அனுப்ப எண்ணும் பிள்ளைகளே, பெட்டியை அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அப்பா தாமே நாற்காலி போட்டு ஏறி மாட்டிவிடுவார்! முதலில் வயர்மேனை அனுப்புங்கள். மணி பிறகு போகட்டும்.