தொட்டிலை விட்டுக் கட்டிலுக்கு

குழந்தை தவழ்ந்த நாளையும் நடந்த நாளையும் முதற்சொல் பேசிய நாளையும் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்கின்றனர். அது தொட்டிலை விட்டுக் கட்டிலுக்கு மாறும் நாளோ பெரும்பாலும் வீட்டு வசதியை ஒட்டி அமைந்துவிடுகிறது. அடுத்த குழந்தைக்குத் தொட்டில் தேவைப்படுகிறது. அல்லது வீடு மாறும்போது புதுக் கட்டில் வாங்கப்படுகிறது. ஆயினும் இம்மாற்றத்துக்கு உரிய காலத்தைக் குழந்தையின் வளர்ச்சியே அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு வருமுன் அவசரப்பட்டால் உறக்கம் கெடக்கூடும். வந்த பின் தாமதித்தால் உடலுக்கு அபாயம் நேரக்கூடும்.

தொட்டில் வகைகள்

இந்தியாவில் குழந்தைகள் உறங்கும் இடங்கள் பலவகைப்பட்டவை. தமிழ்நாட்டில் புடைவையால் கட்டிய தூளி, குஜராத்தில் சட்டத்திலிருந்து துணியைத் தொங்கவிடும் ‘கோடியு’, வட மாநிலங்களில் மரத்தால் செய்த ‘பால்னா’ ஆகியவை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றன. நகரங்களில் நாற்புறமும் கிராதி அடைத்து, நடுவில் மெத்தையிட்ட மரத்தொட்டிலும் பரவியுள்ளது. தாயின் அருகே பாயில் உறங்கும் குழந்தைகளும் மிகப் பலர்.

இவற்றுள் துணித் தொட்டிலின் காலம் மிகக் குறுகியது. குழந்தை புரளவும், கைகளை ஊன்றி எழவும், உட்காரவும் முயலத் தொடங்கியதும் அதன் பயனை நிறுத்திவிடுதல் நலம். உள்ளே எழுந்து திரும்பும் குழந்தையின் கழுத்தில் துணி முறுக்கிக்கொள்ளவோ, குழந்தை தலைகீழாகச் சரிந்து விழவோ கூடும். கிராதித் தொட்டில் இதைவிட நெடுநாள் பயன்படும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

கிராதி வேலியாக நிற்கும் காலம்

கிராதியின் உயரம் குழந்தையின் உயரத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடப்பட வேண்டும். நிற்கும் குழந்தையின் மார்புக்கு மேல் கிராதி இருக்கும்வரை, அதைத் தாண்டுவது கடினம். மெத்தையின் மேற்பரப்பிலிருந்து கிராதியின் உச்சிவரை உள்ள அளவு, குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்குக்குக் குறைந்துவிட்டால் தொட்டிலின் காலம் முடிந்தது எனக் குழந்தை மருத்துவர்கள் கொள்கின்றனர். குழந்தை ஏறக்குறைய 89 சென்டிமீட்டர், அதாவது 35 அங்குலம், வளர்ந்துவிட்டாலும் அவ்வாறே.

இவ்வுயரம் எந்த வயதில் வரும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் உதவுகின்றன. அவற்றை வகுப்பதற்காக ஆறு நாடுகளில் குழந்தைகள் அளக்கப்பட்டனர்; அவ்விடங்களுள் தில்லியும் ஒன்று. அவ்வளவுகளின்படி, இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 87 சென்டிமீட்டர். பெண் குழந்தையின் உயரம் 86 சென்டிமீட்டர். இரண்டரை வயதில் இவை முறையே 92, 91 சென்டிமீட்டராகின்றன. 87 சென்டிமீட்டரில் முக்கால் பங்கு ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். ஆகவே, மெத்தைக்கு மேல் 65 சென்டிமீட்டர் உயர்ந்த கிராதியும் இரண்டு வயதை ஒட்டித் தன் பயனை இழக்கத் தொடங்கும். மெத்தையைக் கீழ்த்தட்டுக்கு இறக்குவதும், மிதித்து ஏற உதவும் தலையணைகளையும் பெரிய பொம்மைகளையும் அகற்றுவதும் இக்காலத்தைச் சற்று நீட்டிக்கும்.

இவ்வளவுகள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதமாகப் பொருந்தா. உயரம் குறைந்த குழந்தை விரைவில் ஏறப் பழகிவிடலாம். உயரமான குழந்தை முயலாமலே இருக்கலாம். ஒரு காலைக் கிராதியின் மேல் தூக்கிப் போடுவதே தெளிவான அடையாளம். அதைக் கண்டபின் அளவுகோல் தேவையில்லை.

விழுவதன் கணக்கு

கிராதியைத் தாண்டி விழுவதும் கட்டிலின் ஓரத்திலிருந்து உருண்டு விழுவதும் ஒன்றல்ல. விழும் பொருள் தரையைத் தாக்கும் ஆற்றல் அதன் உயரத்துக்கு நேர் விகிதத்தில் மிகுகிறது. கிராதியின் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கிருந்து விழும் உடல் தரையை அடையும்போது அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். 45 சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டிலிலிருந்து விழுந்தால் அது 11 கிலோமீட்டர். தரையில் இட்ட 15 சென்டிமீட்டர் மெத்தையிலிருந்து என்றால் 6 கிலோமீட்டர் மட்டுமே.

இதனோடு குழந்தையின் உடலமைப்பையும் கருத வேண்டும். பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. இரண்டு வயதில் ஐந்தில் ஒரு பங்கு. மேற்புறம் கனத்த இவ்வுடல் கிராதியின் மீது குனியும்போது தலையே முந்துகிறது. ஏறத் தெரிந்த குழந்தைக்கு, காப்பதற்காக வைத்த கிராதியே விழும் உயரத்தை இரு மடங்காக்கிவிடுகிறது. எனவே அந்நிலையில் கிராதியின் மேல் மற்றொரு தடுப்பு வைப்பதைக் காட்டிலும், குழந்தையைத் தாழ்ந்த படுக்கைக்கு மாற்றுவதே உகந்தது.

அவசரம் ஏன் கூடாது

குழந்தை ஏற முயலாதிருக்கும்போது மாற்றத்தைத் துரிதப்படுத்துவதால் பயனில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டிப்படி, ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும், பகலுறக்கத்தையும் சேர்த்து, உறக்கம் தேவை. உறக்கம் இடையறாத ஒரே நிலையன்று. இவ்வயதில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அது ஆழம் குறைந்து, குழந்தை அரைகுறையாக விழிக்கிறது. கிராதிக்குள் இருக்கும் குழந்தை புரண்டு படுத்து மீண்டும் உறங்கிவிடுகிறது. திறந்த கட்டிலில் இருக்கும் குழந்தையோ இறங்கி நடக்கிறது.

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில், ஒன்றரை முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு நிகழ்ந்து 2019இல் வெளியாயிற்று. தொட்டிலில் உறங்கிய குழந்தைகள் விரைவில் உறங்கியதாகவும், இரவில் குறைவாக விழித்ததாகவும், அதிக நேரம் உறங்கியதாகவும் பெற்றோர் அதில் தெரிவித்தனர். தொட்டிலே இதற்குக் காரணம் என்று இவ்வாய்வு நிறுவவில்லை. உறங்க மறுக்கும் குழந்தைகளே முன்னதாகக் கட்டிலுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். எனினும், கண்ணுக்குத் தெரியாத எல்லைக்குள் தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் மூன்று வயதை ஒட்டியே ஓரளவு உருவாகிறது என்பது இதனோடு பொருந்துகிறது.

அறையே தொட்டிலாக வேண்டும்

கிராதி நீங்கிய அன்றே, அதன் பணியை அறையின் சுவர்களும் கதவும் ஏற்க வேண்டியனவாகின்றன. பெற்றோர் உறங்கும் வேளையில் குழந்தை தனியாக எழுந்து உலவும் என்று கொண்டே அறையை ஒழுங்குபடுத்த வேண்டும். கட்டிலைச் சன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் அருகில் இடலாகாது. அலமாரிகளைச் சுவரோடு பிணைத்தல் அவசியம். இழுப்பறைகளைப் படிகளாகக் கொண்டு ஏறும் குழந்தையின் மீது அவை கவிழக்கூடும். மருந்துகள், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஆகியவை பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

குளியலறையில் நீர் நிறைந்த வாளி மிகுந்த கவனத்துக்குரியது. தலை கனத்த குழந்தை வாளிக்குள் குனிந்து விழுந்தால் தானே எழ இயலாது. சில அங்குல நீரே உயிருக்கு ஆபத்தாகும். இரவில் வாளிகளைக் கவிழ்த்துவைத்து, குளியலறைக் கதவை வெளியே உயரத்தில் உள்ள தாழ்ப்பாளால் அடைத்துவிடுதல் நன்று.

எத்தகைய படுக்கை

தரையில் விரித்த பாயோ மெத்தையோ விழும் அபாயத்தை ஏறக்குறைய நீக்கிவிடுகிறது. ஆனால் அது எங்கும் பொருந்துவதன்று. கிராமப்புறங்களில் கட்டுவிரியன் பாம்பு இரவில் வீட்டினுள் புகுந்து, தரையில் உறங்குவோரைத் தீண்டுவதுண்டு. கிழக்கு நேபாளத்தில் நிகழ்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் உறங்குவது பாம்புக்கடியிலிருந்தும் காப்பளிப்பதைக் காட்டியது. அத்தகைய இடங்களில் தாழ்ந்த கட்டிலும், ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் ஏற்றவை.

வட இந்தியக் கயிற்றுக் கட்டில் நடுவில் குழிந்திருப்பதால், குழந்தை ஓரத்துக்கு உருள்வது குறைவு. ஆயினும் அதன் கால்மாட்டில் கயிற்றை இறுக்குவதற்கென இடைவெளிவிட்டுக் கட்டிய பகுதியில் குழந்தையின் காலோ தலையோ நுழைந்து அகப்பட இடமுண்டு. தடித்த ஜமக்காளத்தை மடித்து விரித்து அப்பகுதியை இறுக மூட வேண்டும். பெரிய கட்டிலைச் சுவரோரம் இட்டால், இடைவெளி சிறிதுமின்றிச் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லையேல் சற்றுத் தள்ளி இடுதல் நலம். உடல் நுழைந்து தலை சிக்கும் சந்தே மிகவும் கொடியது. இதனாலேயே அமெரிக்க விதிகள் தொட்டிலின் கிராதிச் சட்டங்களுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாதென வரையறுத்துள்ளன. தச்சரிடம் பக்கத் தடுப்பு செய்விக்கும்போதும் இவ்வளவைப் பின்பற்றலாம். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு உரியதன்று.

மாற்றும் முறை

புதிய படுக்கையை முதலில் பகலுறக்கத்துக்குப் பயன்படுத்தி, சில நாட்களுக்குப்பின் இரவுக்கும் கொள்ளலாம். பழைய போர்வையும் பழகிய பொம்மையும் உடன் செல்லட்டும். உறங்கும் நேரமும், அதற்கு முன் கதை சொல்லும் வழக்கமும் மாறாதிருக்க வேண்டும். குழந்தை எழுந்து வந்தால் கடிந்துகொள்ளாமலும் விளையாடாமலும் அமைதியாக மீண்டும் படுக்கையில் விடுதல் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடந்துகொண்டால், சில வாரங்களில் குழந்தை புதிய எல்லையை ஏற்றுக்கொள்ளும்.

தம்பியோ தங்கையோ பிறக்கவிருந்தால், மாற்றத்தை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அன்றிப் புதுக் குழந்தை பிறந்து வீடு நிலைகொண்ட பின் தொடங்கலாம். பிறந்த அன்றே தொட்டிலைக் கைமாற்றினால், தன் இடம் பறிக்கப்பட்டதாக மூத்த குழந்தை எண்ணும். ஏறத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு மட்டும் இத்தகைய காத்திருப்பு பொருந்தாது. அன்றிரவே மெத்தையைத் தரைக்கு இறக்கி, குளியலறைக் கதவைத் தாழிட்டு, மற்ற ஏற்பாடுகளை மறுநாள் முதல் ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.